முற்றிய ஈரல் மீளுமா? ஊடுருவாச் சோதனைகளும் மீட்சியின் கணிப்பும்



மருத்துவமனையில் தரப்படும் அறிக்கைத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்திருக்கும். அதனை வீட்டிலுள்ள முதியோருக்குத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு, பல குடும்பங்களில், பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது. கல்லீரல் நோயைப் பற்றிய அறிக்கையில் ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல்லைக் காணும் பிள்ளை, அதனை ‘முற்றிய நோய்’ என்று பெயர்த்துச் சொல்கிறது. அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் முற்றிய காய் மீண்டும் பிஞ்சாவதில்லை. முற்றிய கதிர் அறுவடைக்கே உரியது. அச்சொல்லைக் கேட்கும் தாத்தாவோ பாட்டியோ, ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று தமக்குள் முடிவு செய்துவிடுகிறார். அவ்வெண்ணம் வேரூன்றினால் மருந்தும் மறுசந்திப்பும் நின்றுபோகக் கூடும்.

சில பதின்மங்களுக்கு முன்வரை மருத்துவ உலகமும் ஏறத்தாழ அப்படியே கருதிற்று. இன்று அக்கருத்து திருத்தப்பட்டுள்ளது. முற்றிய கல்லீரல் நோயினர் அனைவரும் மீள்வதில்லை. ஆயினும் மீள்பவர் உளர். யார் மீளக்கூடும் என்பதை உடலைக் கிழிக்காமலும் துளைத்துத் திசு எடுக்காமலும் ஓரளவு முன்னறியவும் இயலும். அவ்வறிவு எவ்வாறு பெறப்படுகிறது, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இப்பொழிவின் பொருள்.

1. ஈடுதரும் நிலையும் ஈடிழந்த நிலையும்

வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. குடல் உறிஞ்சிய உணவுச் சத்தைச் சுமந்துவரும் குருதி, வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக அதனுள் நுழைகிறது. கல்லீரல் அச்சத்தைப் பதப்படுத்துகிறது. நச்சுப் பொருள்களை முறிக்கிறது. அல்புமின் என்னும் புரதத்தையும் குருதியை உறையச் செய்யும் காரணிகளையும் ஆக்குகிறது. பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியைப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது.

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளாலோ, மதுவாலோ, கொழுப்புப் படிவாலோ பல்லாண்டுகள் தொடர்ந்து புண்படும் கல்லீரலில் தழும்புநார் படர்கிறது. நார் வலைபோல் சூழ, மென்மையான ஈரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. இதனையே கல்லீரல் சுருக்க நோய் என்கிறோம். இதற்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஆவார். மார்பொலி கேட்கும் கருவியை ஆக்கியவரும் அவரே. 1819ஆம் ஆண்டு வெளிவந்த நூலில், அத்தகைய ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார்.

இறுகிய ஈரலால் இரு தீங்குகள் விளைகின்றன. ஒன்று, ஆக்கப்பணி குன்றுதல். மற்றொன்று, குருதி உட்புக இடமின்றி வாயிற்சிரையில் அழுத்தம் உயர்தல். இயல்பில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டாத அந்த அழுத்த வேறுபாடு, 10 அல்லது அதற்கு மேல் சென்றால் ஆபத்தின் எல்லையைத் தொடுகிறது.

ஆயினும் கல்லீரல் பொறுமை மிக்க உறுப்பு. எஞ்சிய நலமான பகுதி, இழந்த பகுதிக்கும் சேர்த்து உழைத்து ஈடு தருகிறது. நோயாளிக்கு நெடுங்காலம் எந்தக் குறியும் தோன்றாமலிருக்கலாம். இதனை ‘ஈடுதரும் நிலை’ எனலாம். ஒருநாள் அந்த ஈடு முறிகிறது. பழைய மருத்துவ நூல்கள் மகோதரம் என வழங்கிய வயிற்று நீர்க்கோவை தோன்றுகிறது. உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடித்துக் குருதி வாந்தியாகிறது. நச்சு மூளையை எட்டுவதால் பேச்சும் நினைவும் தடுமாறுகின்றன. இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அது ‘ஈடிழந்த நிலை’ ஆகும். 118 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான புகழ்பெற்ற மதிப்பாய்வின்படி, ஈடுதரும் நிலையினரின் நடுநிலை வாழ்நாள் 12 ஆண்டுகளுக்கு மேல். ஈடிழந்த நிலையினருக்கோ ஏறத்தாழ 2 ஆண்டுகள். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் திரும்பிக் கடக்க முடியுமா என்பதே வினா.

2. ‘மீளாது’ என்ற கொள்கை மாறிய வரலாறு

வலுவான சான்று ஒன்று பி வகைக் கிருமி நோயினரிடமிருந்து வந்தது. டெனோஃபோவிர் என்னும் மருந்தை 5 ஆண்டுகள் உட்கொண்டவர்களுள் 348 பேரின் ஈரல்திசு தொடக்கத்திலும் முடிவிலும் ஆராயப்பட்டு, அம்முடிவுகள் 2013இல் வெளியாயின. தொடக்கத்தில் சுருக்க நோய் இருந்தோர் 96 பேர். அவர்களுள் 71 பேருக்கு, அதாவது 74 விழுக்காட்டினருக்கு, ஐந்தாண்டு முடிவில் அந்நோய்க்குரிய தழும்பமைப்பு காணப்படவில்லை. தழும்பு கரையும் என்பது நிலைநாட்டப்பட்டது.

அவர்கள் ஈடுதரும் நிலையில் இருந்தவர்கள். ஈடிழந்தவர் மீள்வது அதனினும் கடினம். அதற்கு ஒரு வரையறை வேண்டியிருந்தது. இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையிலுள்ள பவேனோ என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வல்லுநர் கூட்டத்தின் ஏழாம் அமர்வு 2021இல் நிகழ்ந்தது. அதன் முடிவுகள் மறு ஆண்டு வெளியாயின. ‘ஈடுமீண்ட நிலை’ என்று ஒருவரைச் சொல்ல அவை மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றன.

முதலாவது, நோய்முதல் நீங்கவேண்டும் அல்லது அடங்கவேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் ‘நோய்முதல்’ என்னும் சொல்லே இதற்கு நேரான சொல். கிருமியாயின் அது ஒடுங்கவேண்டும். மதுவாயின் அதனை அறவே விடவேண்டும். இரண்டாவது, சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை இல்லாமலேயே நீர்க்கோவையும், தடுப்பு மருந்து இல்லாமலேயே மூளைத் தடுமாற்றமும் தோன்றாதிருக்க வேண்டும். சிரை வெடித்து மீண்டும் குருதி பெருகாதிருக்க வேண்டும். இந்நிலை 12 மாதங்களேனும் நீடிக்கவேண்டும். மூன்றாவது, கல்லீரலின் ஆக்கப்பணியைக் காட்டும் குருதி அளவுகள் நிலையாக உயர்ந்திருக்க வேண்டும்.

மருந்தின் துணையால் வயிறு வற்றுவது மீட்சியன்று. துணையை நீக்கிய பின்னும் வற்றியிருப்பதே மீட்சி. குடும்பத்தார் இவ்வேறுபாட்டை உணர்ந்துகொள்வது மிகவும் தேவை.

3. ஊசியை ஏன் தவிர்க்கிறோம்?

ஈரலின் நிலையை நேரடியாக அறிய இரு வழிகள் உண்டு. ஊசியால் திசுவெடுத்து நுண்ணோக்கியில் காண்பது ஒன்று. கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளப்பது மற்றொன்று. இரண்டும் மதிப்புடையவை. ஆயின் ஊசியில் வரும் திசு, முழு ஈரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கே. குருதி எளிதில் உறையாத, வயிற்றில் நீர் தேங்கிய ஒருவருக்கு ஊசி ஏற்றுவதில் ஆபத்தும் உண்டு. அழுத்தம் அளக்கும் வசதியோ சில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கிட்டும்.

இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. மீட்சி என்பது ஒருநாள் நிகழ்வன்று. மாதக்கணக்கில் நடைபெறும் மாற்றம். அதனைக் காண மீண்டும் மீண்டும் அளக்கவேண்டும். ஒருவரை ஆண்டுக்கு நான்கு முறை ஊசியால் துளைக்க இயலாது. நான்கு முறை குருதி எடுக்க இயலும். ஆகவேதான் ஊடுருவாச் சோதனைகளுக்கு இத்துணைச் சிறப்பு. நரம்பிலிருந்து சிறிதளவு குருதி எடுப்பதையும் மருத்துவர்கள் இவ்வகையிலேயே சேர்க்கின்றனர்.

4. குருதி கூறும் செய்தி

குருதிச் சோதனையின் மூன்று அளவுகள் ஈரலின் ஆக்கப்பணியை உரைக்கின்றன. அவற்றின் கால அளவுகளை ஒப்பிட்டால் அவற்றின் பொருள் விளங்கும். அல்புமின் குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள்கள் ஆகும். உறைகாரணிகளுள் சில, சில மணி நேரத்திலேயே பாதியாகின்றன. ஆகவே அல்புமின் அளவு ஈரலின் கடந்த சில வார உழைப்பைச் சொல்கிறது. உறைதல் நேரத்தைக் குறிக்கும் ஐ.என்.ஆர். எண் இன்றைய உழைப்பைச் சொல்கிறது. பிலிரூபின் கழிவகற்றும் திறனைச் சொல்கிறது.

இம்மூன்றோடு நீர்க்கோவை, மூளைத் தடுமாற்றம் ஆகிய இரண்டையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளியிடும் முறைக்கு சைல்ட்-பியூ மதிப்பெண் என்று பெயர். சைல்டும் டர்கோட்டும் 1964இல் அமைத்த முறையை 1973இல் பியூவும் அவருடைய குழுவினரும் திருத்தினர். 5, 6 புள்ளிகள் ‘ஏ’ வகுப்பு. 7 முதல் 9 வரை ‘பி’. 10 முதல் 15 வரை ‘சி’. பள்ளி மதிப்பெண்ணுக்கு மாறாக இங்கே குறைந்த புள்ளியே நன்று.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். லிட்டருக்குப் பிலிரூபின் 42 மைக்ரோமோல்: 2 புள்ளி. அல்புமின் 30 கிராம்: 2 புள்ளி. ஐ.என்.ஆர். 1.5: 1 புள்ளி. சிறிதளவு நீர்க்கோவை: 2 புள்ளி. தடுமாற்றம் இல்லை: 1 புள்ளி. கூட்டினால் 8, ‘பி’ வகுப்பு. கிருமிக்கு எதிரான மருந்தை ஓராண்டு உட்கொண்ட பின் அவருக்குப் பிலிரூபின் 24, அல்புமின் 37, ஐ.என்.ஆர். 1.2, நீர்க்கோவையும் இல்லை எனில், மொத்தம் 5; ‘ஏ’ வகுப்பு. அவர் மீட்சியின் வாயிலுக்கு வந்துவிட்டார். சிறுநீர்ப்பெருக்கி இல்லாமல் இன்னும் 12 மாதங்கள் இந்நிலை நீடிக்கிறதா என்பதே எஞ்சிய தேர்வு.

மெல்ட் என்னும் மற்றொரு மதிப்பெண், பிலிரூபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகப் பணியைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2002 முதல் மாற்று ஈரலுக்குக் காத்திருப்போரின் முன்னுரிமை இதனைக் கொண்டே வகுக்கப்பட்டது. இவ்விரண்டும் முதலில் உயிராபத்தைக் கணிக்கவே பிறந்தவை. மீட்சியைக் கணிக்க அன்று.

மீட்சியையே குறிவைத்த முயற்சி ஒன்று 2018இல் வெளியாயிற்று. சி வகைக் கிருமியால் ஈடிழந்து, புதிய மாத்திரைகளை உட்கொண்டவர்களை ஆராய்ந்தோர், ‘ஏ’ வகுப்புக்கு மீளுவதை முன்னறிவிக்கும் ஐந்து குறிகளைக் கண்டனர். உடற்பருமன் சுட்டெண் 25க்குக் கீழ் இருத்தல், மூளைத் தடுமாற்றம் இன்மை, நீர்க்கோவை இன்மை, அல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்கு மேல் இருத்தல், ஏ.எல்.டி. என்னும் நொதி இயல்பின் மேலெல்லையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடக்கூட மீளும் வாய்ப்பும் கூடும்.

ஐந்தாவது குறி மாணவரின் சிந்தனைக்குரியது. ஏ.எல்.டி. உயர்ந்தால் ஈரல் அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். தீமையின் அடையாளம் எவ்வாறு நம்பிக்கையின் அடையாளமாகும்? விடை எளிது. இன்னும் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பை அணைத்தால் எஞ்சிய வீட்டைக் காக்கலாம். எரிந்து தணிந்த சாம்பலில் அணைப்பதற்கு ஒன்றுமில்லை. உயர்ந்த ஏ.எல்.டி., மருந்து அணைக்கக்கூடிய அழற்சி இன்னும் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஓர் எண் நல்லதா தீயதா என்பது, எந்த வினாவுக்கு விடையாக அதனைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

5. அலை கூறும் செய்தி

கனிந்த மாங்காயை விரலால் அழுத்தி அறிவதுபோல, ஈரலின் இறுக்கத்தை அலையால் அழுத்தி அறியும் கருவி இருபதாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. ஃபைப்ரோஸ்கேன் என்ற வணிகப் பெயரே பலருக்குத் தெரியும். பிரான்சில் உருவான இக்கருவி, விலா எலும்புகளுக்கு இடையே தோலின்மேல் மெல்லத் தட்டி, நொடிக்கு 50 அதிர்வுடைய அலையை ஈரலுக்குள் செலுத்துகிறது. அவ்வலை விரையும் வேகத்தைக் கேளா ஒலி அளக்கிறது.

இதன் இயற்பியல் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் எட்டுவதே. இறுக்கம் என்பது அடர்த்தியை 3ஆலும் வேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்கினால் வருவது. ஈரலின் அடர்த்தியைத் தண்ணீரைப்போல் கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். அலை நொடிக்கு 1 மீட்டர் சென்றால் இறுக்கம் 3 கிலோபாஸ்கல். 2 மீட்டர் சென்றால் 12. 3 மீட்டர் சென்றால் 27. வேகம் மும்மடங்காக, இறுக்கம் ஒன்பது மடங்காகிறது. பவேனோ கூட்டம் இதற்கு ‘ஐந்தின் விதி’ ஒன்றை வகுத்தது: 10, 15, 20, 25 என்னும் படிகளில் ஆபத்து ஏறுகிறது. வேறு நோய்க்குறிகள் இல்லாதபோது, 10க்குக் கீழ் இருந்தால் முற்றிய நோய் இல்லை எனலாம். 15க்கு மேல் அது பெரிதும் உறுதி. கிருமியாலோ மதுவாலோ வந்த நோயில் 25ஐத் தொட்டால், வாயிற்சிரை அழுத்தமும் ஆபத்தான எல்லையைத் தாண்டியிருக்கும் என்று கொள்ளலாம்.

இவ்வெண்ணோடு இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. வாயிற்சிரையில் அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கித் தட்டுகளைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கை குறையும். இறுக்கம் 15ஐத் தாண்டாமலும் தட்டுகள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150,000க்குக் குறையாமலும் இருந்தால், ஆபத்தான அழுத்தம் இல்லை என்று கருத இடமுண்டு.

ஆயினும் அலைக்குச் சில குறைகள் உண்டு. நீர்க்கோவையை ஊடுருவி அலை செல்லாது. எனவே ஈடிழந்தவரின் வயிற்றில் நீர் தேங்கியிருக்கும்வரை இக்கருவி பயன்படாது. மிகவும் தேவைப்படும் வேளையில் அது வாய் திறப்பதில்லை. நீர் வற்றிய பின்னரே அதன் துணை கிட்டும். உணவு உண்டவுடன் ஈரலுக்குக் குருதி மிகுந்து எண் பொய்யாக உயரும். ஆகவே சோதனைக்கு முன் 3 மணி நேரமாவது உண்ணாதிருக்க வேண்டும். இதயத் தளர்ச்சியும் பித்த அடைப்பும் கடும் அழற்சியும் எண்ணை உயர்த்தும். சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் இறுக்கம் விரைந்து குறைவது பெரும்பாலும் அழற்சி தணிவதாலேயே. தழும்பு அத்துணை விரைவில் கரைவதில்லை. அவ்விறக்கம் நற்செய்திதான், ஆனால் அது முழுச் செய்தியன்று.

6. கணிப்பு எவ்வளவு மெய்?

பெய்ஜிங் ஆய்வாளர்கள், பி வகைக் கிருமியால் நீர்க்கோவை கண்டு ஈடிழந்தவர்களுக்கு என்டெகாவிர் மருந்தை அளித்து 120 வாரங்கள் கண்காணித்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். இறுதிவரை தொடர்ந்த 283 பேரில் 159 பேர், அதாவது 56 விழுக்காட்டினர், பவேனோ வரையறைப்படி ஈடு மீண்டனர். மதுவால் ஈடிழந்து, பின் மதுவை விட்ட 204 பேரை வியன்னா ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது மீண்டவர் 37 பேர். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கும் குறைவு. மீண்டோரின் உயிரிழப்பு ஆபத்தோ, மீளாதோரின் ஆபத்தில் பத்திலொரு பங்கிற்கும் கீழே இருந்தது. தொடக்கத்தில் அல்புமின் உயர்ந்தும், வாயிற்சிரை அழுத்தமும் உடற்பருமனும் குறைந்தும் இருந்தோரே மிகுதியாக மீண்டனர்.

இவ்விரு ஆய்வுகளும் இருவேறு மக்களைப் பற்றியவை; ஆதலால் அவற்றின் விழுக்காடுகளை நேருக்கு நேர் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் நோய்முதல் நீங்குவதே மீட்சியின் முதற்படி என்பதையும், அது மட்டுமே போதாது என்பதையும் இரண்டும் உணர்த்துகின்றன.

எண்களும் ஏமாற்றக் கூடும். நரம்பு வழியாக அல்புமின் ஏற்றிய சில நாள்களுக்கு அவ்வளவு உயர்ந்து தோன்றும். குருதி உறையாமைக்கு வார்ஃபரின் உண்பவரின் ஐ.என்.ஆர். ஈரலைப் பற்றிப் பேசாது. தசை மெலிந்தவரின் கிரியேட்டினின் குறைந்து காட்டுவதால், மெல்ட் மதிப்பெண் அவரை உள்ளதைவிட நலமானவராகக் காட்டும். ஆகவே ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரின் வாழ்வை முடிவு செய்தல் ஆகாது. பல எண்கள், பல மாதங்கள், ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதே காணத்தக்கது.

7. காத்திருப்பதா, மாற்று ஈரலா?

இக்கணிப்பு வெறும் கல்விப் பொருளன்று. ஈடிழந்தவருக்கு மாற்று ஈரல் உயிர்காக்கும். ஆனால் உறுப்புக் கொடை அரிது. உயிருள்ள மகனோ மகளோ தம் ஈரலின் ஒரு பகுதியை ஈந்தால், ஈபவரும் அறுவையின் ஆபத்தை ஏற்கவேண்டும். மீளக்கூடியவருக்கு விரைந்து மாற்றுறுப்புப் பொருத்தினால், வேண்டாத ஒரு பேரறுவையும் வாழ்நாள் முழுதும் மருந்தும் அவர்மேல் சுமத்தப்படும். மீளாதவரைக் காக்கவைத்தால் காலம் கடந்துவிடும்.

இவ்விரண்டிற்கும் இடையே ஓர் இரங்கத்தக்க நிலையும் உண்டு. கிருமி நீங்கியதால் மதிப்பெண் சற்றுக் குறைகிறது. காத்திருப்போர் வரிசையில் அவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். ஆனால் நீர்க்கோவை நீங்கவில்லை. எண்ணளவில் தேறியவர்; வாழ்வளவில் தேறாதவர். இத்தகையோரை முன்கூட்டியே இனங்காண்பதற்காகவே மீட்சிக் கணிப்பு இத்துணைக் கவனத்தோடு ஆராயப்படுகிறது.

ஈடு மீண்டவரும் நோயற்றவர் ஆகிவிடுவதில்லை. ஈரலில் புற்று தோன்றும் ஆபத்து குறையுமேயன்றி மறையாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கேளா ஒலிப் படம் எடுப்பதும், பி வகை நோயினர் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதிருப்பதும் இன்றியமையாதவை.

8. நம் வீடுகளில்

பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் பி வகைத் தடுப்பூசி போடும் திட்டம் சிங்கப்பூரில் 1987இலும் மலேசியாவில் 1989இலும் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த தலைமுறையினர், அதாவது இம்மண்டபத்திலுள்ள மாணவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும், அக்காப்பு இல்லாமல் வளர்ந்தவர்கள். அவர்கள் ஒருமுறையேனும் குருதிச் சோதனை செய்துகொள்வது நலம். சி வகை நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்தைக் குறைந்த விலையில் அரசு மருத்துவமனைகளில் வழங்க, 2017இல் மலேசிய அரசு காப்புரிமைச் சட்டத்தின் சிறப்பு விதியைப் பயன்படுத்தியது. நோய்முதலை நீக்கும் வழி எட்டாத உயரத்தில் இல்லை.

மதுவைப் பற்றியும் ஒரு சொல். தோட்டப்புற வாழ்வில் மலிவான சம்சு எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை மூத்தோர் அறிவர். அதனால் நோயுற்றவரை ‘தானே தேடிக்கொண்டார்’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவரது மீட்சியின் முதல் நிபந்தனை மதுவை விடுவது. அதற்குத் தேவை வீட்டாரின் துணை. அவரது பேச்சு குழறினால், ‘மீண்டும் குடித்துவிட்டார்’ என்று எண்ணுமுன், அது நச்சேறிய மூளையின் தடுமாற்றமாக இருக்கலாம் என்று ஐயுற்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறிக்கைத்தாளைத் தமிழில் எடுத்துரைக்கும்போது ‘முற்றிய நோய்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ‘ஈரல் ஈடிழந்திருக்கிறது, மீளக்கூடுமா என்று பார்க்கிறார்கள்’ என்று சொல்லுங்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: நோய்முதல் எது, அது அடங்கிற்றா? சென்ற முறையைவிட அல்புமினும் பிலிரூபினும் எத்திசையில் நகர்ந்துள்ளன? சிறுநீர்ப்பெருக்கியைக் குறைக்க முடிந்ததா? மாற்று ஈரலுக்கான மதிப்பீட்டை இப்போதே தொடங்கவேண்டுமா? அவ்விடைகளைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டு கழித்து அக்குறிப்பேட்டைப் புரட்டினால், பாட்டியின் ஈரல் எத்திசையில் செல்கிறது என்பதை அவருக்கே தமிழில் எடுத்துக் காட்ட உங்களால் இயலும்.